பாணிக்கு ஒரு நீதி, ஜனாஸாவுக்கு ஒரு நீதியா?

அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சிக்கு 2021 ஜனவரியில் கொரோனா தொற்று உறுதியானது. 2020 டிசம்பரில் கமராக்களுக்கு முன்னால் அவர் அருந்திய கேகாலை 'தம்மிக்க பாணி' பற்றிய கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது. தேனும் சாதிக்காயும் கலந்த அந்தப் பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் சுகாதார விதிகளை மீறி ஹெட்டிமுல்லையில் முண்டியடித்தனர்.

மூலிகையில் மருந்தே இல்லை என்பதல்ல நமது வாதம். மலேரியாவுக்கான குயினைன் சின்கோனா மரப்பட்டையிலிருந்து வந்தது. பழைய சீன மருத்துவ நூலொன்றின் குறிப்பைப் பின்பற்றி ஆர்ட்டெமிசினினைக் கண்டறிந்த தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அதிமதுரத்திலுள்ள கிளிசிரைசின் சார்ஸ் வைரஸ் பெருகுவதைத் தடுப்பதாக 2003இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் 'லான்செட்' சஞ்சிகையில் எழுதினர்.

ஆனால் அது ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட கலங்களில், மிக அதிக செறிவில் கிடைத்த முடிவு. மனித உடல் வேறு. அதிமதுரம் அளவு மீறினால் இரத்தத்தில் பொட்டாசியம் குறையும், இரத்த அழுத்தம் ஏறும். மஞ்சளிலுள்ள குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. ஹைட்ரொக்சிகுளோரோகுயினும் ஆய்வுகூடத்தில் கொரோனா வைரஸைத் தடுத்தது. வைத்தியசாலை நோயாளர்களுக்கு அதனால் பயனில்லை என்று 2020 ஜூனில் பிரித்தானியாவின் 'ரிக்கவரி' பரிசோதனை காட்டியது.

கொரோனா தொற்றியவர்களில் பெரும்பாலானோர் விசேட மருந்தின்றியே குணமடைகின்றனர். ஆகவே, "பாணி குடித்தேன், சுகமானேன்" என்பது எதையும் நிரூபிக்காது. குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். மடகஸ்கார் ஜனாதிபதி 2020 ஏப்ரலில் ஆர்ட்டெமிசியா பானமொன்றை அறிமுகப்படுத்தியபோதும் இதே கேள்விதான் எழுந்தது. செப்டம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் ஆபிரிக்க மூலிகை மருந்துகளைப் பரிசோதிப்பதற்கான நடைமுறையொன்றை அங்கீகரித்தது. மூலிகையை மதிக்கும் வழி அதுதான்.

இங்கு நடந்தது என்ன? ஆதாரமில்லாத பாணிக்கு அமைச்சரின் கரங்களாலேயே விளம்பரம் கிடைத்தது. அடக்கம், தகனம் இரண்டும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே கூறியும், 2021 வரை நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாட்களேயான சிசுவும் தப்பவில்லை. நிலத்தடி நீரால் வைரஸ் பரவும் என்பதற்கு ஆதாரம் கேட்டோம், தரப்படவில்லை. பாணிக்குத் தேவைப்படாத ஆதாரம், ஜனாஸா விடயத்தில் இருந்தும் பயனளிக்கவில்லை.

அதே அளவுகோலை நமக்கும் பிரயோகிக்க வேண்டும். கருஞ்சீரகமும் தேனும் குடித்தால் கொரோனா அண்டாது என்ற வட்ஸ்அப் செய்திகள் நமது குழுமங்களிலும் ஓயாமல் சுற்றின. கருஞ்சீரகத்தின் சிறப்பை நாம் நம்புகிறோம். அதை உணவில் சேர்ப்பதிலும் தவறில்லை. ஆனால் அதை நம்பி முகக்கவசத்தைக் கழற்றுவதும், மூச்சுத்திணறும் வாப்பாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தாமதிப்பதும் உயிரோடு விளையாடுவதாகும்.

எரிப்புக்கு எதிராக நமது கையிலிருந்த பலமான ஆயுதம் விஞ்ஞானம். அதை அரசிடம் மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குள் கைவிட்டால், நமது குரலின் பெறுமதியும் குறைந்துவிடும்.