மரப்பலகையும் மாறிவரும் இல்லமும்

பழைய கலையொன்றைப் புதிய வீட்டுக்கு ஏற்றவாறு மாற்றலாமா? மாற்றினால் அதன் தூய்மை கெட்டுவிடும் என்பர் சிலர். மாற்றாவிட்டால் அது பொருட்காட்சிச் சாலையின் கண்ணாடிப் பெட்டிக்குள் முடங்கிவிடும் என்பர் வேறு சிலர். ஜப்பானிய மரப்பலகை அச்சுக்கலையை நோக்கினால் இக்கேள்விக்கு நல்ல விடை கிடைக்கிறது.

இக்கலை ஒருவர் கைத்திறன் அன்று. ஓவியர் வரைந்து தருவார். செதுக்குபவர் அந்த மெல்லிய தாளைச் செரி மரப்பலகைமேல் கவிழ்த்து ஒட்டி, கோடுகள் மட்டும் மேடாக நிற்குமாறு செதுக்குவார். அச்சிடுபவர் பலகையில் வண்ணம் பூசி, மரப்பட்டை நாரினால் செய்த தாளை அதன்மேல் வைத்து, மூங்கிற் குருத்தின் மேலுறை போர்த்திய 'பாரென்' என்னும் வட்டக் கருவியால் தேய்ப்பார். நிறங்கள் ஒவ்வொன்றாக ஏறும். ஒவ்வொரு முறையும் தாள் மயிரிழையும் பிசகாமல் அமர வேண்டும். பலகையின் ஓரத்திலுள்ள இரு வெட்டுக் குறிகளே அதற்குத் துணை!

இக்கலை அரண்மனைக்காகப் பிறந்ததன்று. சாதாரண நகர மக்களின் இல்லங்களுக்காக வளர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீட்டுத் தூண்களில் தொங்கவிடுவதற்கென்றே ஒடுங்கிய, நீண்ட படங்களை அச்சிட்டனர். ஹொகுசாய் ஏறத்தாழ 1831இல் வெளியிட்ட பேரலைப் படத்தின் ஆழ்ந்த நீலம் ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்ட சாயம். ஆகவே புதுமையை ஏற்பது இக்கலைக்குப் புதிதன்று. 1923இல் நிகழ்ந்த பெரும் பூகம்பத்தில் பதிப்பாளர் வதனபே ஷோஸபுரோவின் கடையும் பலகைகளும் எரிந்து போயின. அவரோ கவாசே ஹசுய் போன்ற ஓவியர்களுடன் மீண்டும் தொடங்கி, புதிய காலத்துக்குரிய இயற்கைக் காட்சிகளை அச்சிட்டார்.

இன்று ஜப்பானில் பலர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். படம் தொங்கவிடும் மாடமும், காகிதம் ஒட்டிய நகரும் கதவுகளும் குறைந்துவிட்டன. இதனால் கைவினைஞர் சோர்ந்துவிட்டனரா? இல்லை. கியோட்டோவில் 1624இல் தொடங்கிய 'கராச்சோ' என்னும் நிறுவனம், 600க்கும் மேற்பட்ட பழைய பலகைகளைக் காத்து வருகிறது. கதவுக் காகிதத்துக்கு உரிய அதே கோலங்களை இப்போது சுவர்களுக்கும் விளக்குகளுக்கும் வாழ்த்து அட்டைகளுக்கும் அச்சிடுகிறது. டோக்கியோவின் அடாச்சி நிலையத்தாரோ, நம் காலத்து ஓவியர் யாயோய் குசாமாவின் ஃபூஜி மலைப் படத்தைப் பழைய முறையிலேயே செதுக்கி அச்சிட்டனர்.

இவற்றிலிருந்து நாம் கொள்ளும் கருத்து இதுதான்: அளவு மாறலாம், இடம் மாறலாம், வண்ணமும் மாறலாம், கை மட்டும் மாறலாகாது. இயந்திரம் பெருக்கித் தரும் மலிவான நகலில் பேரலை தெரியும். உளியின் உழைப்பும், தாளில் பாரென் பதித்த அழுத்தமும் தெரியா. வசதியற்றோர் நகலை வாங்குவதை நாம் குறை கூறவில்லை. ஆனால் வசதியுள்ளோரும் நகலே போதும் என்று இருந்துவிட்டால், பல்லாண்டு பயின்று இத்தொழிலைக் கற்க எந்த இளைஞர் முன்வருவார்?

கைவேலை விலை மிகுந்தது என்பது உண்மையே. அதற்கும் வழியுண்டு. பத்து நகல்களுக்குப் பதில் கையால் அச்சிட்ட சிறு படம் ஒன்றை வாங்கலாம். நேர் வெயில் படாத சுவரில் மாட்டினால் அதன் சாயம் நெடுநாள் மங்காது. ஒன்றே ஆயினும் அது ஒரு குடும்பத்தின் அடுப்பை எரியச் செய்யும் அன்றோ?

பேரலைப் படம் 2024 முதல் ஜப்பானின் ஆயிரம் யென் தாளிலும் இடம்பெற்றுள்ளது. மூலப் படத்தில் ஓவியர் பெயர் உண்டு. செதுக்கியவர் பெயரோ அச்சிட்டவர் பெயரோ இல்லை. அழகிய பொருள் எதைக் கண்டாலும், 'இதைச் செய்த கைகள் யாருடையவை?' என்று கேட்கப் பழகுவோம். அக்கேள்வி நம் இல்லங்களில் எழும்வரை கலைகள் அழியா!