சிறுநீரையும் சோதிக்க வேண்டும்

சர்க்கரை வியாதிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மாதம் ஒரு முறை ரத்தம் கொடுப்பார்கள். எண் கூடியிருந்தால் இரண்டு நாள் சோற்றைக் குறைப்பார்கள். இறங்கியிருந்தால் அன்று மாலையே ஒரு ஜாங்கிரி. கவலை அந்த எண்ணோடு முடிந்துவிடுகிறது. ஆனால் சர்க்கரை செய்யும் கேடுகளில் மிகக் கொடியது அந்தச் சீட்டில் தெரிவதில்லை. அது சிறுநீரகத்தை அரிப்பது.

மெல்லக் கொல்லும் வியாதி தங்கவயலுக்குப் புதிதல்ல. வட ஆற்காட்டிலிருந்து "மைசூர் மைன்ஸுக்குப் போகிறேன்" என்று மூட்டை கட்டி வந்த நம் பாட்டன்மாரின் நெஞ்சில் பாறைத் தூசு குடியேறியது. இருமலை வெறும் இருமல் என்றே பல காலம் சொல்லி வந்தார்கள். 1940-ல் மைசூர் சமஸ்தானம் சிலிகோசிஸ் விதிகளைக் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டில் தொழிலாளரை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோதுதான் வியாதியின் உண்மையான அளவு வெளிப்பட்டது. தேடிப் பார்த்த பிறகே அதற்குப் பெயரும் நஷ்டஈடும் கிடைத்தன என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

சிறுநீரகத்தின் கதையும் இதுவே. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் தாக்கும்போது அவற்றின் சல்லடை தளர்ந்து, ரத்தத்தில் நிற்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது. வலி கிடையாது. சிறுநீர் வழக்கம்போலவே போகும். கால் வீங்கி, முகம் உப்பி, சோறு குமட்டும்போது டாக்டரிடம் ஓடுகிறோம். அதற்குள் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் மோகன்சன், வழக்கமான சோதனையில் சிக்காத அளவு சிறு கசிவே பின்னால் வரப்போகும் ஆபத்துக்கு முன்னறிவிப்பு என்று 1984-ல் எடுத்துக் காட்டினார். கசிவு தெரிந்த அந்தக் கட்டத்தில் பிடித்தால் கேட்டைப் பெருமளவு தள்ளிப்போடலாம்.

இதை நம்மவர் வாழ்வுக்குப் பொருத்திக் காட்டியவர் சென்னை சிறுநீரக மருத்துவர் டாக்டர் எம்.கே. மணி. 1991-ல் பத்மபூஷண் பெற்றவர். பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும் பார்த்து வந்த அவர், இவை ஏழைக்கு எட்டாதவை என்று வெளிப்படையாகச் சொல்லி, வியாதி வருமுன் தடுக்கும் வழியைத் தேடினார். கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சென்னையை அடுத்த கிராமங்களில் சுமார் 25,000 பேரை எடுத்துக்கொண்டார். அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார். அவர்கள் ஆண்டுதோறும் வீடு வீடாகப் போய், சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் இருக்கிறதா என்று பார்த்து, ரத்த அழுத்தத்தையும் அளந்தார்கள். சந்தேகப்பட்டவர்களை டாக்டர் பார்த்தார். கொடுத்தவை மிக மலிவான பழைய மாத்திரைகள். 2005-ல் சர்வதேசச் சிறுநீரக இதழில் வெளியான கணக்குப்படி, ஆளுக்கு ஆண்டுச் செலவு கால் டாலரைச் சற்றே தாண்டியது. அன்றைய மதிப்பில் சுமார் 12 ரூபாய். கொதிப்புக்காரர்களில் 96 சதவீதத்தினருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது. திட்டம் நடந்த ஊர்களில் சிறுநீரகம் தளர்ந்தவர்கள், புதிதாகச் சேர்த்த ஊர்களைவிட வெகு குறைவு. இவ்வளவு படித்த ஒரு டாக்டர் கோடி ரூபாய் இயந்திரத்தைவிடச் சோதனைக் குழாயை நம்பியது நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது!

நம் ஊர் நிலைமை என்ன? சுரங்கம் ஓடிய நாளில் கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது. 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கத்தை மூடிய பிறகு அந்தக் கதவும் அடைபட்டது. இன்று மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் போய், இருட்டிய பின் திரும்புகிறவருக்கு டாக்டரைப் பார்க்க ஏது நேரம்? முதுகு வலித்தால், முழங்கால் வலித்தால், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைதான். சர்க்கரைக்காரர் இந்த வலி மாத்திரைகளை நாள்தோறும் விழுங்குவது சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. டாக்டரைக் கேட்காமல் அவற்றைத் தொடக்கூடாது. பெயர் தெரியாத பஸ்பங்களும் அப்படியே.

டயாலிசிஸ் என்று வந்துவிட்டால் பெரும்பாலோருக்கு வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம். தினக்கூலிக்காரரும் காண்டிராக்ட் குமாஸ்தாவும் அதற்குப் பிறகு எந்த வேலையில் நிலைக்க முடியும்? சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும் இழந்த சம்பளத்தை யாரும் தருவதில்லை.

ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. ராபர்ட்சன்பேட்டை அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்கு மருந்து வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீரில் ஆல்புமினும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்து, முடிவைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் லைனாக முகாம் நடத்த வேண்டும். வேலைநாளில் நடத்தினால் ரயிலில் போகிறவர் யாரும் வர மாட்டார்கள். ஆள் இல்லை என்ற சாக்கு செல்லாது. 2021-ல் கொரோனா வேகம் எடுத்தபோது, பாழடைந்து கிடந்த அதே கம்பெனி ஆஸ்பத்திரியைத் தொண்டர்கள் திரண்டு சில வாரங்களில் சுத்தம் செய்து படுக்கை போட்ட ஊர் இது. அந்தக் கைகளுக்குச் சோதனைக் குழாய் பாரமா? தொழிற்சங்கங்களும் தமிழ் மன்றங்களும் முன்வர வேண்டும்.

மருந்துக்கும் இன்று பஞ்சமில்லை. கசிவைக் குறைக்கும் லோசார்ட்டன் போன்ற கொதிப்பு மாத்திரைகள் மலிவாகக் கிடைக்கின்றன. சிறுநீரகத்தைக் காப்பதாக 2020-ல் பெரிய ஆய்வில் தெரியவந்த டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையை, காப்புரிமை முடிந்ததால், இந்தியக் கம்பெனிகள் பல தயாரிக்கின்றன. யாருக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் முகாமுக்குக் காத்திராமல் தங்கள் டிஸ்பென்சரியிலேயே இந்தச் சோதனையைக் கேட்கலாம். காய்ச்சல் நாளில் கொடுக்க வேண்டாம்; கணக்குத் தவறும். ஒரு தடவை ஆல்புமின் கூடுதலாக வந்தால் பதற வேண்டியதில்லை. அடுத்த மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் இன்னும் இரண்டு தடவை பார்த்த பிறகே டாக்டர்கள் முடிவு சொல்வார்கள்.