மலைப்பாம்பு வளர்க்கலாமா?

நாய், பூனையெல்லாம் பழசாகிவிட்டது என்று நினைப்பவர்களின் கண் மலைப்பாம்பின் மேல் விழுகிறது. அமெரிக்காவில் பல வருடங்கள் செல்லப்பிராணிக் கடைகளில் சாதாரணமாக விற்கப்பட்டது பர்மிய மலைப்பாம்பு. குட்டி 2 அடிதான் இருக்கும். குரைக்காது, தினமும் சாப்பாடு கேட்காது. பிறகென்ன, வாங்கிவிடலாமே?

பிரச்சினை குட்டியில் இல்லை. சில வருடங்களிலேயே 10 அடியைத் தாண்டிவிடும். எலி போதாமல் முழு முயல் வேண்டும். கூண்டைச் சுத்தம் செய்யக்கூட இன்னொரு ஆள் துணைக்கு நிற்க வேண்டும். ஆயுளோ 20 வருடத்துக்கும் மேல். கல்லூரியில் படிக்கும்போது வாங்கியவர், தன் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதும் அதைக் காப்பாற்றியாக வேண்டும். 2009-ல் ஃபுளோரிடாவில் தொட்டியிலிருந்து வெளியேறிய ஒரு வளர்ப்பு மலைப்பாம்பு 2 வயதுக் குழந்தையை நெரித்துக் கொன்றது. அதன் நீளம் சுமார் 8 அடிதான்.

சமாளிக்க முடியாத பலர் என்ன செய்தார்கள்? வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அப்படி விடப்பட்டவையும் தப்பித்தவையும் அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. அவை நீண்ட காலமாக இருக்கும் பகுதிகளில் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டதாக 2012-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதே வருடம்தான் அமெரிக்க அரசு இறக்குமதிக்குத் தடை போட்டது. வெள்ளம் வந்தபின் போட்ட அணை!

பாம்பின் மேல் தப்பே இல்லை. அது வளர்கிறது, அவ்வளவுதான். வாங்க நினைப்பவர் விலையைக் கேட்கும் முன் ஒன்றை யோசிக்கட்டும்: 15 வருடம் கழித்துத் தன்னால் முடியாமல் போனால் இதை யார் ஏற்பார்கள்? பதில் இல்லையென்றால், மிருகக்காட்சி சாலைக்கு ஒரு டிக்கெட் வாங்குவதே மேல்.