நகைக்கு நாணம் பகையா?

ஜப்பானிய ஓவியப் படங்களைப் பற்றி மௌலவிகளுக்கு என்ன பேச்சு என்று கேட்பவர் கேட்கட்டும். 'அனிமே' என்னும் பெயரால் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் அவற்றைப் பார்த்து வரும் இந்நாளில் பேசாதிருப்பதே பிழை. எல்லாவற்றையும் ஒருசேர ஹராம் என்று ஒதுக்கிவிட்டுத் திண்ணையில் சாய்ந்துகொள்வோரோடு நமக்கு உடன்பாடில்லை. ஆயின், அப்படங்களுக்காக வழக்காடும் நம் இளைஞர் சிலரின் வாதம் அதனினும் நலிந்தது. "நகைச்சுவையில் மெய்ம்மையைத் தேடலாமா? அடித்தால் ஒருவன் ஆகாயத்தில் பறக்கிறான், அதை ஏற்கிறீர்கள். பெண்ணுடலைக் காட்டும் காட்சியை மட்டும் ஏன் பழிக்கிறீர்கள்? இரண்டும் மிகைதானே!" என்பது அவர்தம் கேள்வி.

இரண்டும் ஒன்றல்ல. 'டோரேமான்' கதையில் ஜியான் என்னும் முரட்டுச் சிறுவன் நோபிட்டாவைப் புடைத்தெடுக்கிறான். முகம் பூசணிக்காயாய் வீங்குகிறது. அடுத்த காட்சியில் வீக்கத்தைக் காணோம். இதனை யாரும் நம்பார். எனினும் தெருவுக்கு ஒரு ஜியானும், வாய்வீரம் பேசி உதைபடும் ஒரு நோபிட்டாவும் இருப்பதை மறுக்க முடியுமா? அடி மிகை, அடித்தவனும் பட்டவனும் மெய். நகை பிறக்கும் இடங்கள் நான்கு என வகுத்த தொல்காப்பியர், பேதைமையையும் மடமையையும் அவற்றுள் வைத்தார். வழுக்கி விழுதலும் உதைபடுதலும் அவ்விரண்டின் பிள்ளைகளே. பஸராவின் அல்-ஜாஹிஸ் (மறைவு ஹிஜ்ரி 255) தம் 'கிதாபுல் புகலா'வில் கஞ்சர்களை எவ்வளவு பெருக்கிக் காட்டினார்! ஆயினும் அன்றைய மக்களின் அடுக்களையும் விருந்துப் பாயும் அந்நூலில் நம் கண்முன் நிற்கின்றன.

'ஃபேன் சர்வீஸ்' என்று அத்துறையினர் பெயரிட்டழைக்கும் காட்சியோ வேறு வகை. பெயரே வழக்கைத் தீர்த்துவிடுகிறது. அது கதைமாந்தருக்கு உரியதன்று. பார்ப்போனுக்குச் செய்யும் ஊழியம். கதை அங்கே நின்றுவிடுகிறது. கதைக்குள் எவரும் நிற்காத இடத்திலிருந்து ஒரு கண் எட்டிப் பார்க்கிறது. அக்கண் யாருடையது? நம் பிள்ளையுடையது! 'டோரேமானும்' இக்குற்றத்திற்குத் தப்பவில்லை. ஷிசுகா என்னும் சிறுமியின் குளியலறைக்குள் நோபிட்டா தவறி நுழைவதைப் பலமுறை வேடிக்கையாக்கியிருக்கின்றனர். அறிவும் பண்பும் உடையவளாகக் கதை வளர்த்த பெண் அந்நொடியில் ஆளாக இல்லை, வெறும் பண்டமாகிறாள்.

அகமட்சு கென் 1998 முதல் 2001 வரை வரைந்து, 2000-இல் தொலைக்காட்சிக்கு வந்த 'லவ் ஹினா'வை எடுத்துக்கொள்வோம். டோக்கியோ பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் இருமுறை தோற்ற கெய்தாரோ, பெண்கள் விடுதி ஒன்றின் பொறுப்பாளன் ஆகிறான். தேர்வில் தோற்றுத் தலைநிமிர இயலாத பிள்ளை! நம் ஊர்களில் இவன் இல்லாத தெரு உண்டோ? இத்துணைப் பெரிய மெய் கையில் இருக்க, படைப்பாளி செய்வதென்ன? அவனை வெந்நீர்க் குளத்திலும் அறை வாயிலிலும் தடுக்கி விழச் செய்கிறார். உடனே நாரு என்பாள் ஒரு குத்து விட, அவன் வானில் பறக்கிறான். இங்கே அடி எதற்கு? காட்டத் தகாததைக் காட்டிவிட்டு, குற்றவாளியைத் தண்டித்தாயிற்று என்று கணக்கை நேர்செய்வதற்கு. தடுக்கியவன் உதைபட்டான், காட்டியவர் தப்பினார், பார்த்தவனுக்கோ ஒரு கீறலும் இல்லை. அடிதடிக் கேலி மெய்ம்மையைக் கெடுப்பது இவ்வாறு ஆபாசத்திற்குப் போர்வையாகும்போதுதான் என்போம்.

இஃதின்றி ஜப்பானியர் சிரியார் என்பாரும் உளர். 1969 முதல் ஞாயிறு மாலைதோறும் அந்நாட்டுக் குடும்பங்கள் பார்த்துவரும் 'சசாஎ-சான்' அவர்களுக்கு விடை. சகுரா மோமோகோ அம்மையார் ஷிமிசு நகரில் கழிந்த தம் சிறுபிராயத்தை 'சிபி மருகோ-சான்' ஆக்கினார். 1990-இல் அது தொலைக்காட்சிப் படமாயிற்று. விடுமுறை முடியும் வரை வீட்டுப்பாடத்தைச் சேர்த்து வைத்துவிட்டு மருகோ திணறுகையில் முகமெங்கும் கருங்கோடுகள் விழுகின்றன. நாம் சிரிக்கிறோம், நம் வகுப்புப் பிள்ளைகளின் முகங்களும் நினைவுக்கு வருகின்றன. தம் உண்மைப் பாட்டனார் படத்திலுள்ளவரைப் போல் அன்பானவர் அல்லர் என்று அவ்வம்மையாரே எழுதியிருக்கிறார். அப்பாட்டனாரும் மிகைதான். அம்மிகைக்கு எந்தச் சிறுமியின் நாணமும் விலையாகவில்லை.

நம் இளைஞர்களிடம் ஒன்றே கேட்கிறோம்: குளியற் காட்சிகளை நீக்கிவிட்டால் கெய்தாரோவின் தேர்வுக் கதையில் குறைந்துபோவது எது?