சாமி சாய்ந்தது, காலேஜ் சாயுமா?

திருப்பனந்தாள் கோவிலைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்.

தாடகை என்று ஒரு பெண். பிள்ளை வரம் வேண்டி, தினமும் சிவனுக்கு மாலை சாத்தி வந்தாள். ஒரு நாள் மாலையைக் கையில் ஏந்தி நின்றபோது புடவை நெகிழ்ந்தது. முழங்கைகளால் புடவையை இடுக்கிக்கொண்டாள். அதன் பிறகு கையை உயர்த்த முடியவில்லை. லிங்கத்துக்கு மாலை எட்டவில்லை. தவித்தாள்.

சாமி என்ன செய்தார்? தலையைச் சாய்த்து மாலையை வாங்கிக்கொண்டார்!

சாய்ந்த லிங்கத்தை நிமிர்த்த அரசன் யானைகளைக் கட்டி இழுத்துப் பார்த்தான். நடக்கவில்லை. குங்கிலியக்கலய நாயனார் தம் கழுத்தில் கயிற்றைக் கட்டி இழுத்த பிறகே நிமிர்ந்தது என்பது கதையின் மறுபாதி.

எட்டாதவளுக்காகச் சாமி சாய்ந்தார். காலேஜ் சாயுமா?

இரண்டு பிள்ளைகள்

இந்த வட்டாரத்தில் இரண்டு பேர் பிளஸ்-2 பரீட்சை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவன் டாக்டர் வீட்டுப் பையன். தனி அறை, தனி டியூஷன். வீட்டில் எல்லாருமே படித்தவர்கள்.

இன்னொருத்தி குத்தகை விவசாயியின் மகள். தை, மாசியில் சம்பா அறுவடை. மார்ச்சு மாதம் பரீட்சை. அறுத்த நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவிந்து கிடக்கும். எடை போட்டு வாங்கும் வரையில் யாராவது ஒருவர் காவல் இருக்க வேண்டும். மேகம் கறுத்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்த "யாராவது ஒருவர்" பல நாள் அவள்தான்.

பையன் 600-க்கு 545 வாங்குகிறான். அவள் 520 வாங்குகிறாள். யார் கெட்டிக்காரர்?

மார்க்கு பட்டியலைக் கேட்டால் பையன் என்று சொல்லும். அதற்கு அவ்வளவுதான் தெரியும். நெற்குவியல் அதன் கண்ணில் படாது.

பெயில் ஆன மேதை

மார்க்கு பட்டியல் ஏமாந்த கதை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பனந்தாளில் பஸ் ஏறினால் கும்பகோணம். அங்கே சாரங்கபாணி கோவில் சன்னதித் தெருவில் வளர்ந்தவர் ராமானுஜன்.

1904-ம் ஆண்டு கும்பகோணம் அரசாங்கக் காலேஜில் உதவிச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லவில்லை. இங்கிலீஷில் தவறினார். உதவிச் சம்பளம் போயிற்று! பிறகு சென்னைப் பச்சையப்பன் காலேஜ். அங்கும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார்.

1913-ல் அவர் எழுதிய கடிதத்தை இங்கிலாந்தில் ஹார்டி என்ற கணித மேதை படித்து வியந்தார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அந்தக் குமாஸ்தாவுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. மார்க்கு பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, ஆளையும் அவர் செய்த வேலையையும் பார்த்தார்கள். 1918-ல் அவர் லண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினர் ஆனார்.

எல்லாரும் ராமானுஜன் அல்ல, உண்மைதான். எல்லாருக்கும் ஒரு ஹார்டியும் கிடைப்பதில்லை.

பேட்டிக்கு 75 மார்க்கு!

"அப்படியானால் மாணவர்களை நேரில் கூப்பிட்டுப் பேசி எடுக்கலாமே?" என்று கேட்பீர்கள்.

அதையும் தமிழ்நாடு செய்து பார்த்துவிட்டது. ஒரு காலத்தில் மருத்துவக் கல்லூரிக்கு மொத்தம் 275 மார்க்கில் 75 பேட்டிக்கு! "இது அதிகம்" என்று 1970-ல் சுப்ரீம் கோர்ட்டே கூறியது. கதவைச் சாத்திய அறையில் யாருக்கு எத்தனை மார்க்கு, ஏன் என்று வெளியில் நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? நல்ல சட்டை, நல்ல இங்கிலீஷ், தெரிந்த சிபாரிசு. இவை உள்ளே நுழைய ஜன்னல் போதும்.

அமெரிக்காவிலும் இதே அனுபவம்தான். மார்க்கோடு மாணவனின் குணம், குடும்பம், பின்னணி எல்லாம் பார்த்துச் சேர்ப்பது அங்கே வழக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1920-களில் ஹார்வர்டு முதலிய இடங்களில் "குணம் பார்க்கிறோம்" என்ற பெயரில் யூத மாணவர்களைக் குறைத்தார்கள்.

காமராஜரைப் பற்றி ஒரு கதை ஊரெங்கும் உண்டு. மருத்துவக் கல்லூரி விண்ணப்பங்களில் எந்தத் தகப்பன் கைநாட்டு வைத்திருக்கிறானோ, அந்தப் பிள்ளையை அவர் தேர்ந்தெடுத்தாராம். அந்தப் பெருவிரல் ரேகையைப் பார்க்கும் கண் எல்லா அதிகாரிக்கும் வாய்க்குமா? வாய்க்காது. ஆகவே அந்தக் கண்ணைச் சட்டத்தில் எழுதி வைக்க வேண்டும்.

எழுதி வைத்தார்கள்

ஒருமுறை எழுதியும் வைத்தார்கள். 2017 முதல் தமிழ்நாட்டில் நீட் மார்க்கை வைத்தே மருத்துவக் கல்லூரியில் இடம் என்று ஆயிற்று. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தேடினாலும் அகப்படாத நிலை வந்தது. 2020-ல் 7.5 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட்டிலும் தகுதி பெற்றவர்களுக்கு அந்த இடங்கள். முதல் வருடமே 300-க்கு மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் கிடைத்தன! 2021-ல் என்ஜினீயரிங், வேளாண்மைப் படிப்புகளுக்கும் இது வந்தது. சட்டம் செல்லும் என்று 2022-ல் ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

சாதிவாரி ஒதுக்கீடு 69 சதவீதம் இருக்கிறதே, இது எதற்கு? டாக்டர் பையனும் குத்தகைக்காரர் மகளும் ஒரே சாதியாக இருக்கலாமே! அந்த ஒதுக்கீடு அவசியம். அதற்குள்ளும் மேடு பள்ளம் இருக்கிறது.

"தரம் கெடாதா?" என்பது பழைய கேள்வி. சலுகை வாசலில் மட்டும்தான். டாக்டர் பட்டத்துக்கான பரீட்சை எல்லாருக்கும் ஒன்றே. அதில் தேறினால்தான் டாக்டர். ஆனால் சேர்த்த பிறகு இங்கிலீஷில் தடுமாறுகிறவளைக் கவனிக்க ஆள் வேண்டும். ராமானுஜனைத் தள்ளிய பள்ளம் அதுதான்.

படிப்புக்கும் இதில் லாபம் உண்டு. வேளாண்மைக் கல்லூரியில் நாற்று நட்ட கை ஒன்று வகுப்பில் இருந்தால், மற்றவர்கள் பாடப் புத்தகத்தில் இல்லாததைத் தெரிந்துகொள்வார்கள். அவளும் மற்றவர்களிடம் கற்பாள்.

இன்னும் என்ன?

7.5 சதவீதச் சட்டம் ஒரு விஷயத்தை மட்டுமே பார்க்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளையை அது சேர்க்கவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று வருவாய்த்துறை கொடுக்கும் சான்றிதழ், 2010 முதல் கட்டணச் சலுகைக்குப் பயன்படுகிறது. இடம் கிடைப்பதற்கு அதனால் ஒரு மார்க்கும் இல்லை. ஏன் கூடாது? அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 1997-ல் ஒரு சட்டம் போட்டது: ஒவ்வொரு பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்தில் வருகிறவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம். குக்கிராமப் பள்ளியானாலும் சரி!

முதல் பட்டதாரிக்கு இத்தனை மார்க்கு, பள்ளியில் முதலிடத்துக்கு இத்தனை மார்க்கு என்று அச்சிட்டு வெளியிடட்டும். பேட்டி வேண்டாம், சிபாரிசு வேண்டாம். வரும் தை மாதம் நெற்குவியலுக்குக் காவல் இருக்கப் போகிறவள், அந்த விதியைத் தானே படித்து, தனக்கு எத்தனை மார்க்கு என்று விரல் விட்டு எண்ண முடிய வேண்டும்.