யாருடைய பாட்டி?

சிறுதானியப் பாக்கெட்டுகளின் அட்டையில் ஒரு பாட்டி இருப்பார். நரைத்த கொண்டை, பெரிய பொட்டு, கையில் முறம். 'பாட்டி காலத்து உணவு' என்கிற மாதிரி ஒரு வாசகமும் பக்கத்தில் இருக்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாயில் வருகிற கேள்வி ஒன்றுதான். யாருடைய பாட்டி?

எல்லாப் பாட்டிகளும் ஒரே பானையில் சாப்பிட்டவர்கள் இல்லை. ஒரு பாட்டி நெல்லுச்சோறு சாப்பிட்டார். இன்னொரு பாட்டி அந்த நெல்லை நட்டு, களை பறித்து, அறுத்து, தூற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கேவுருக் கூழ் குடித்தார். என் ஆயா இரண்டாவது வகை, வட ஆற்காட்டுப் பக்கம். நெல்லுச்சோறு அவருக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்துபோகும் விருந்தாளி. கூழை அவர் 'பாரம்பரியம்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. "இருக்கறத குடிச்சோம்" என்பார், அவ்வளவுதான். அந்தக் கூழுக்குத் தொட்டுக்கொள்ள கருவாடு இருந்தது, வெயிலில் காயவைத்த மாட்டுக்கறி உப்புக்கண்டம் இருந்தது, களை பறிக்கும்போது மடியில் கட்டிக்கொண்டு வந்த தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் இருந்தன. அவர் உடம்பில் இருந்த வலு இதெல்லாம் சேர்ந்து கொடுத்தது.

பாக்கெட்டில் வந்திருப்பது தானியம் மட்டும். கறியைக் காணோம், கீரையைக் காணோம், ஆயாவையும் காணோம். தமிழ்நாட்டில் பதினைந்து இருபது வருஷமாக நடக்கிற 'பாரம்பரிய உணவு மீட்பு' மீது என் புகார் இதுதான். தானியத்தை மீட்டுவிட்டோம். அதைத் தின்றவர்களுக்கு வேண்டிய நிலம், கூலி, கறி எதையும் மீட்கவில்லை. மீட்கணும் என்று நினைத்ததாகவும் தெரியவில்லை.

*

முதலில் பெயரைப் பார்ப்போம். 2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ரேஷனில் கிலோவுக்கு விலை வைத்தது. அரிசி 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், 'கோர்ஸ் கிரெய்ன்' 1 ரூபாய். கோர்ஸ் என்றால் கரடுமுரடு. கம்பும் சோளமும் கேழ்வரகும் அரசாங்கக் காகிதத்தில் பல காலம் இந்தப் பெயரில்தான் இருந்தன. தின்கிறவர்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ அதையே தானியத்துக்கும் பெயராக வைத்தார்கள்.

2018 ஏப்ரலில் அதே தானியங்களுக்கு அரசு 'நியூட்ரி சீரியல்ஸ்', அதாவது ஊட்டத் தானியங்கள் என்று பெயர் மாற்றியது. 2023ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த வருஷ பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சிறுதானியங்களுக்கு 'ஸ்ரீ அன்னா' என்று பெயர் சொன்னார். ஐந்தே வருஷத்தில் கரடுமுரடு, ஸ்ரீ ஆகிவிட்டது. தானியம் மாறவில்லை. கேழ்வரகில் 1950இலும் கால்சியம் இருந்தது. மாறியது சாப்பிடுகிற ஆள். சேரியிலும் மலையிலும் தின்றபோது கரடுமுரடு, சர்க்கரை நோய் வந்த நகரத்து ஆள் தின்னும்போது ஸ்ரீ. பெயருக்கு முன்னால் மரியாதை வேண்டும் என்றால் தானியமும் இடம் மாறித்தான் ஆகணும் போல.

சரி, விளைவித்தவர்களுக்கு இதனால் லாபம் வந்ததா? கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளிப் பழங்குடிகள் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு போட்ட மலை. சேலம், நாமக்கல் சேகோ ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியதும் தானியப் பரப்பு சுருங்கியது. மரவள்ளிக்குக் கையில் காசு வரும். சாமையை என்ன செய்வது? அதன் உமியை நீக்குவது லேசில்லை. பெண்கள் உரலில் போட்டு மணிக்கணக்கில் குத்தணும். அந்த உழைப்புக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே போய்ச் செய்த முக்கியமான வேலைகளில் ஒன்று, ஊருக்குள்ளேயே உமி நீக்கும் சின்ன இயந்திரங்களை வைத்தது. மெஷின் ஊரில் இல்லையென்றால் உமியோடு தானியத்தை வியாபாரிக்கு விற்றுவிட்டு, ரேஷன் அரிசியை வாங்கிப் பொங்க வேண்டியதுதான். அட்டையில் பாட்டி படம் போடுகிற எந்தப் பாக்கெட்டிலும் அவர் உரல் குத்திய மணிநேரத்துக்கு விலை சேர்க்கப்படுவதில்லை.

*

இந்த இடத்தில் மேடை இயற்கை உணவுப் பேச்சாளர்கள் சொல்வது எனக்குத் தெரியும். "ரேஷன் அரிசிதான் எல்லாத்துக்கும் காரணம். வெள்ளை அரிசி விஷம். ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க."

இதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதற்கு முன்னால் அந்த வட்டாரத்தில் நடந்துகொண்டிருந்தது கூலிப் போராட்டம். கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். உலகத்துக்கே நெல் விளைவித்துக் கொடுத்த தஞ்சை மண்ணில், நெல்லை விளைவித்தவர்கள் அரைப்படி நெல்லுக்காகச் செத்தார்கள். 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற முழக்கம் ஏன் அப்படிப் பற்றிக்கொண்டது? வயிற்றுப் பசி ஒரு பக்கம். நெல்லுச்சோறு தின்னும் உரிமை ஆண்டைக்கு மட்டுமா என்ற கேள்வி இன்னொரு பக்கம். அரிசி அட்டை வந்தபிறகு விவசாயக் கூலி ஒரு நாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க முடிந்தது. கூலி கூட்டிக் கேட்க முடிந்தது. பண்ணையாருக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. அதே வார்த்தையை ஆரோக்கியம் பேசுகிறவரும் எடுத்துப் பேசுவதுதான் ஆச்சரியம்.

ரேஷன் அரிசி போதுமா என்றால் போதாது. மாவுச்சத்து மட்டும் ஒரு உடம்பை வளர்க்காது. அதற்குத் தீர்வு ரேஷனைத் திட்டுவதில் இல்லை. அதே ரேஷன் கடையில் கேழ்வரகும் பருப்பும் எண்ணெயும் முட்டையும் வரணும் என்று கேட்பதில் இருக்கிறது. 2023இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒடிசாவில் 2017இல் தொடங்கிய சிறுதானிய இயக்கம், பழங்குடிகளிடம் கேழ்வரகைக் கொள்முதல் செய்து அதை ரேஷனுக்கும் அங்கன்வாடிக்கும் அனுப்புகிறது. இதெல்லாம் பெரிய உணவுத் திருவிழாக்களைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

*

"அப்ப என்னதான் செய்யணும்ங்கற?" என்று கேட்பவர்களுக்கு ஜாகீராபாத்தைக் காட்டுவேன்.

தெலங்கானாவில், பழைய மேடக் மாவட்டத்தில் இருக்கிறது. மழையை நம்பிய வறண்ட பூமி. 1983இல் என்.டி. ராமராவ் இரண்டு ரூபாய் அரிசித் திட்டம் கொண்டுவந்தார். பசிக்கு அது பெரிய காரியம். ஆனால் ஆற்றுப் பாசனத்தில் விளைந்த அரிசி கடைக்கு வந்ததும், புன்செய்ச் சோளத்துக்கு மதிப்பு போனது. தலித் குடும்பங்கள் கையில் இருந்த கொஞ்சநஞ்ச கல்லுக்காடும் தரிசாகக் கிடந்தது. அதே 1983இல் அங்கே வேலையைத் தொடங்கியது டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி. ஊர் ஊராகப் பெண்களின் சங்கங்கள் உருவாயின. பெரும்பாலும் தலித் பெண்கள்.

1990களின் நடுவில் அந்தப் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். தரிசாகக் கிடந்த நிலங்களைக் கணக்கெடுத்தார்கள். உழவுக்கும் எருவுக்கும் விதைக்கும் அரசாங்க உதவியில் கடன் ஏற்பாடு செய்தார்கள். கடனைக் காசாகத் திருப்ப வேண்டாம், சில வருஷங்களுக்குச் சோளமாகக் கொடுத்தால் போதும். அந்தச் சோளம் ஊரிலேயே சேமிக்கப்பட்டது. வேலை இல்லாத மாதங்களில் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் கொடுக்கப்பட்டது. யார் ஏழை என்று தாலுகா ஆபீஸ் முடிவு செய்யவில்லை. ஊரே உட்கார்ந்து, தரையில் ஊரை வரைந்து, வீடு வீடாகப் பேசி முடிவு செய்தது. உழுதது, சேமித்தது, பங்கிட்டது எல்லாமே அவர்கள்தான். நம் பேச்சாளர்கள் 'ஃபார்ம் டு ஃபோர்க்' என்று சொல்லும்போது இதில் எத்தனை பங்கு இருக்கிறது?

அவர்கள் ஒரே வயலில் சோளம், கம்பு, தினை, துவரை, எள் என்று கலந்து போடுகிறார்கள். மழை ஒன்றைக் கைவிட்டாலும் இன்னொன்று நிற்கும். விதை அவர்கள் வீட்டுக் கூடையில் இருக்கிறது, கடையில் வாங்குவதில்லை. விதைக்காமலே வயலில் முளைக்கிற கீரைகளையும் உணவென்று கணக்கில் வைக்கிறார்கள். 2008இல் சொந்தமாக ஒரு சமுதாய வானொலியைத் தொடங்கினார்கள். 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 'ஈக்வேட்டர்' விருது அவர்களுக்கு வந்தது. விருதை விடுங்கள். ஒரு காலத்தில் ஆண்டையிடம் விதை கேட்டு நின்ற பெண்ணிடம் இன்று ஆண்டை வீட்டார் விதை கேட்டு வருகிறார்கள் என்றால், அதைத்தான் உணவு நீதி என்பேன். அதற்கு அவர்களிடம் முதலில் ஏதோ ஒரு கல்லுக்காடாவது இருந்தது.

*

நம் ஊரில் அதுவும் இல்லை என்பதுதான் விஷயம்.

செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கியது. பஞ்சமி நிலம். சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்கப்புறமும் ஒடுக்கப்பட்டோருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை இருந்தும் நிலம் கைமாறியது. மீட்கக் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? 1994இல் காரணையில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். இந்திய அளவில் 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் 16.6 சதவீதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் கையில் இருந்த சாகுபடிப் பரப்பு 9 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

நம்மாழ்வார் மேல் எனக்கு மரியாதை உண்டு. ரசாயனத்துக்கு எதிராக அவர் நடந்த நடை சும்மா இல்லை. ஆனால் அவருக்குப் பின்னால் வந்த இயற்கை விவசாயப் பேச்சில் 'உழவர்' என்றால் பட்டா வைத்திருப்பவர். களை எடுப்பவர் அதில் இல்லை. களைக்கொல்லி அடிக்காத வயலில் கைக்களை கூடுதல். அந்தக் கையெல்லாம் யாருடையது? அவருக்கு என்ன கூலி? 'ஆர்கானிக்' முத்திரை அரிசியில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்க்கிறது, களை பறித்தவருக்குச் சரியான கூலி போனதா என்று பார்க்கிறதா? களைக்கொல்லி அடிக்கும் வயலில் கதை இன்னும் மோசம். கூலியும் போச்சு, மடியில் கட்டிக்கொண்டு வந்த கீரையும் போச்சு. ஏரி மீன் குத்தகைக்குப் போய்விட்டது. நத்தையும் நண்டும் மருந்தில் செத்தன. காசு இல்லாமல் கிடைத்த சத்துணவு எல்லாம் ஒவ்வொன்றாக மூடப்பட்டதை எந்த உணவுத் திருவிழாவும் பேசுவதில்லை.

*

கடைசியாகக் கறி.

2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்று தெரிந்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. மழையைக் காரணம் சொல்லி விழாவையே தள்ளிவைத்தார்கள். மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. ஆம்பூரில், மாட்டுக்கறி பிரியாணி தெருவுக்குத் தெரு விற்கிற ஊரில் இது நடந்தது. மலிவான, ரத்தசோகைக்கு மருந்தான, பக்கத்துக் கடையில் கிடைக்கிற புரதம். 'உள்ளூர் உணவு' என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. அது அரசு மேடையில் ஏறாது, ஸ்ரீ அன்னா ஏறும்.

சமையல் செய்கிற கை மீதும் இதே கண்தான். 2018இல் அவிநாசி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் தடுத்தார்கள். 2023இல் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டபோதும் கரூரிலும் தூத்துக்குடியிலும் அதே பிரச்சினை எழுந்தது. பிள்ளைகள் பசியோடு இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்த ஊரில், சாமைப் பொங்கலின் நார்ச்சத்து பற்றி வகுப்பெடுத்து என்ன ஆகப் போகிறது?

நீங்கள் கம்பங்கூழ் குடிப்பதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை, தாராளமாகக் குடியுங்கள். ஆனால் அடுத்தமுறை பாரம்பரிய உணவு என்று யாராவது மேடை போட்டால் கொஞ்சம் எழுந்து நின்று கேளுங்கள். இந்தத் தானியம் விளைந்த நிலம் யார் பெயரில் இருக்கு? களை எடுத்தவருக்கு எவ்வளவு கொடுத்தீங்க? இதே தானியம் ரேஷனில் வரணும்னு எங்கேயாவது மனு கொடுத்தீங்களா? பஞ்சமி நிலத்தை மீட்கணும்னு கேட்பவர்களோடு ஒரு நாளாவது நின்னீங்களா? இந்தப் பந்தியில் மாட்டுக்கறி எங்கே?

பதில் வரும்வரை அட்டையிலிருந்து பாட்டியை எடுத்துவிடச் சொல்லுங்கள். அவர் இன்னும் வயலில்தான் இருக்கிறார். அவருக்கு இன்னும் கூலி பாக்கி.