சிவனொளிபாதமலையும் விண்ணேறும் கற்பனையும்

டிசெம்பர் முதல் மே வரையான யாத்திரைக் காலத்தில், மஸ்கெலியா, நல்லதண்ணிப் பகுதித் தோட்டங்களின் லயத்து வாசலில் நின்று பார்த்தால், சிவனொளிபாதமலையின் படிவரிசை விளக்குகள் வானத்தில் சார்த்திய ஏணியைப் போலத் தெரியும். இந்துக்கள் சிவனின் பாதமென வணங்குவதும், முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என அழைப்பதும், பௌத்தர்கள் ஸ்ரீபாத எனப் போற்றுவதும் 2,243 மீற்றர் உயரமான இம்மலையைத்தான். 1344 இல் இங்கு வந்த இப்னு பதூதாவுக்குப் பல்லக்கும் வழித்துணையும் தந்து மலைக்கு அனுப்பிவைத்தவர் ஆரியச் சக்கரவர்த்தி என்ற தமிழ் மன்னர்.

விண்வெளிச் சிந்தனையின் வரலாற்றிலும் இம்மலைக்கு ஓர் இடமுண்டு என்பதை மலையகத்தில் எத்தனை பேர் அறிவர்? 1956 முதல் 2008 இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், 1979 இல் 'த பவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' என்ற நாவலை எழுதினார். ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரச் சுற்றுப்பாதை வரை ரொக்கெட் இன்றி மனிதரை ஏற்றிச் செல்லும் ஒரு மின்தூக்கி. அதன் அடித்தளம் நம் மலையின் உச்சி. இத்தகைய தூக்கி பூமத்திய ரேகையில் அமைவதே உகந்தது என்பதால் இலங்கையையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தினார். மலையின் உயரத்தையும் இரட்டித்தார். கலைஞனுக்கு மட்டுமே கிட்டும் சலுகை இது. எந்தப் பொறியியற் பீடமும் இதற்கு அனுமதி தராது!

கருத்து அவருடையதல்ல. ஈபிள் கோபுரத்தைக் கண்டு ரஷ்யரான சியோல்கொவ்ஸ்கி 1895 இல் விண்ணெட்டும் கோபுரமொன்றைக் கற்பனை செய்தார். 1960 இல் ஆர்ட்சுட்டானோவும் 1975 இல் அமெரிக்கரான பியர்சனும் அதனை வளர்த்தனர். எனினும், துறைசார்ந்தோர் வட்டத்துக்குள் கிடந்த எண்ணத்தைச் சாதாரண வாசகரிடம் கொண்டு சேர்த்ததில் நாவலுக்குப் பெரும் பங்குண்டு. 2012 இல் ஜப்பானின் ஒபயாஷி நிறுவனம் 2050 அளவில் இத்தகைய தூக்கியை அமைக்கப்போவதாக அறிவித்தது. அதற்கு வேண்டிய வலிமையும் நீளமும் கொண்ட வடம் இன்னும் உருவாகவில்லை என்பது வேறு விடயம்.

கிளார்க் பௌதிகமும் கணிதமும் கற்றவர். தொடர்பாடற் செய்மதிகளை எங்கு நிறுத்தலாம் என 1945 இலேயே கட்டுரை எழுதியவரும் அவரே. 1965 இல் முதன்முதலாக விண்ணில் நடந்த லியோனொவ், அப்பயணத்திலேயே வண்ணப் பென்சில்களால் சூரிய உதயத்தை வரைந்தார். கலையும் விஞ்ஞானமும் இவர்களிடம் இரு வீடுகளில் குடியிருக்கவில்லை. 2019 இல் நாம் ஏவிய முதற் சிறுசெய்மதிக்கும் இதிகாசத்திலிருந்தே 'ராவணா-1' எனப் பெயர் வைத்தோம்.

இனி நம் கவலைக்கு வருவோம். அந்நாவலின் முக்கிய பாத்திரங்களிடையே மன்னன் இருக்கிறான், துறவி இருக்கிறார், பொறியியலாளர் இருக்கிறார். மலையடியில் கொழுந்து பறிப்போர் இல்லை. 1977 இல் வொயேஜர் விண்கலங்கள் சுமந்து சென்ற 55 மொழி வாழ்த்துகளிலும் சிங்களமும் அரபும் உண்டு, தமிழ் இல்லை. பிறரை நொந்து பயனில்லை. அருச்சுனன் தபசில் வரம் வேண்டி உயரே ஏறும் கூத்தனைக் கண்டு வளர்ந்த சமூகத்துக்கு விண்ணேறும் கற்பனை அந்நியமானதா என்ன?

ஆனால் தோட்டப்புற மாணவன் உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்க விரும்பினால், அருகிலுள்ள தமிழ்மொழிப் பாடசாலையில் பெரும்பாலும் அப்பிரிவு இராது. ஹற்றனுக்கோ நுவரெலியாவுக்கோ செல்ல வசதியற்றவன் கலைப்பிரிவில் அமர்கிறான். விரும்பி அல்ல, வேறு வழியின்றி. இதனால் விஞ்ஞானம் ஒரு மாணவனை இழக்கிறது. கலையும் மனமற்ற ஒருவனையே பெறுகிறது. கலைப்பிரிவில் கற்று வந்த நாம் இதனை அத்துறையைத் தாழ்த்துவதற்காகச் சொல்லவில்லை.

பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான, கணித ஆசிரியர்களும் ஆய்வுகூடங்களும் வேண்டும் என்பது பழைய கோரிக்கை. மாகாணக் கல்வி அமைச்சு அதற்குப் பதிலளிக்கட்டும். அதுவரை காத்திராமல் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. மொரட்டுவையில் கிளார்க்கின் பெயரால் இயங்கும் நிறுவகம், அடுத்த யாத்திரைக் காலத்து இரவுகள் சிலவற்றிலாவது தொலைநோக்கிகளுடனும் தமிழ் பேசும் விளக்குநருடனும் நல்லதண்ணிக்கு வரட்டும். அன்று மாலை மஸ்கெலியாவின் தமிழாசிரியர் ஒருவர் அந்நாவலின் கதையை மாணவருக்குத் தமிழில் சொல்லட்டும்.